சட்னிக்குக் குறை சொல்ல ஓர் ஆள்

அம்புக்காரி எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதாக அந்தக் குடியிருப்பில் ஒருவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டி, நூல் பிரிந்த இடத்திலும் தையல் கோணிய இடத்திலும் அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரம் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் கை ஓய்ந்துவிடும், வாய் ஓயாது. எதிர்வீட்டில் குழந்தை பிறந்தபோது பார்க்கப் போனவள், "ஒரு காது கொஞ்சம் முன்னாடி தள்ளியிருக்கு, இப்பவே கவனிங்க" என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்காரர்கள் அவளைக் கண்டால் குழந்தைக்குக் குல்லா போட்டுவிடுகிறார்கள்.

அவளுடைய அண்ணன் நேர் எதிர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். தட்டில் எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்பார். குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டும் ஒருமுறை சொன்னார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். குறையை எல்லாம் தங்கை ஒருத்தியே வாரிக்கொண்டுவிட்டதால் அண்ணனுக்கு மிச்சமில்லை என்று மாடிப்படியில் பேசிக்கொள்வார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் வாழ்க்கைப்பட்டவள்தான் கேன்டீன்காரி. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில், முந்நூறு பேர் சாப்பிடும் கேன்டீனில் தலைமைச் சமையல். முதல் மாடியில் அவளும் புருஷனும், இரண்டாவது மாடியில், சரியாக அவர்கள் தலைக்கு மேலே, நாத்தனார். இருபத்திரண்டு வருஷமாக அவள் சமைத்தது எதுவும் அம்புக்காரியிடம் தப்பியதில்லை. "அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பாள். ஒன்றோடு நிறுத்தியதில்லை. கேன்டீன்காரியும் சளைத்தவள் அல்ல, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அக்கம்பக்கத்துக்கு அது டிவி இல்லாமலேயே ஓடிய தொடர்.

அப்படிப்பட்டவள் ஏழு வாரமாகப் பதில் பேசுவதில்லை. அதை முதலில் கவனித்தது மாடிப்படிதான்.

காரணம் யாருக்கும் தெரியாது. சொன்னால்தானே தெரியும்? ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் போனது, போகிற போக்கில் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் காபி, வெந்நீர் மாதிரி இருந்தது. சோப்புக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாக்கும் மூக்கோடு சேர்ந்து படுத்துக்கொண்டது. மிளகாய் சுடும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நனைந்த அட்டையை மெல்லுவது போல. டாக்டர், "வந்தாலும் வரும்" என்றார். அதை அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. மூக்கு போன சமையற்காரியும் கண் போன டிரைவரும் ஒன்றுதானே, யார் வண்டியில் ஏறுவார்கள்?

கைப்பழக்கத்தில் ஓட்டினாள். பழக்கமும் எத்தனை நாள்தான் தள்ளும்? ஒரு நாள் சூப்பில் இரண்டு முறை உப்பு விழுந்தது. அடுத்த வாரம் ஒரு முறைகூட விழவில்லை. மூன்றாவதாக, திரிந்த பாலை மோந்து பார்த்து "சரியா இருக்கு" என்று தலையாட்டிவிட்டாள். மேனேஜர் கூப்பிட்டார். கத்தினால் தேவலை, அவர் கத்தவில்லை.

"வருஷா வருஷம் வீட்ல ப்ளம்ஸ் சட்னி போட்டு எடுத்துட்டு வருவீங்களேம்மா. இந்த வருஷமும் திங்கக்கிழமை ஒரு பாட்டில் கொண்டாங்க. ருசி பாக்கறேன். அப்புறம் பேசுவோம்."

பேசுவதென்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் பெரிய அடுப்புக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது இப்படித்தான் பேசினார்கள். இப்போது அவர் வாசலில் டோக்கன் கிழிக்கிறார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை. ஊரே கவிழ்ந்து படுத்திருக்கும் காலை எட்டு மணிக்கு அவள் ஆறு கிலோ ப்ளம்ஸோடு சமையலறையில் நின்றாள். ஆறு நாளும் முந்நூறு பேருக்குக் கிண்டிய தோள், ஏழாவது நாளும் கிண்டு என்றால் என்ன சொல்லும்? சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாலு கிலோவைக் கொட்டை நீக்கி நறுக்கினாள். இரண்டு கிலோவைக் கூடையிலேயே விட்டாள். வெங்காயம், இஞ்சி, காய்ந்த மிளகாய், கடுகு, பட்டை, கிராம்பு, உலர்திராட்சை, வினிகர்.

இத்தனை வருஷத்தில் இந்தச் சட்னிக்கு அவள் அளவு எழுதி வைத்ததே இல்லை. வேக வேக வினிகருக்கு அடியிலிருந்து பழத்தோலின் வாசனை மெல்லத் தலை நீட்டும். அந்த நேரம் பார்த்துச் சர்க்கரையைக் கொட்ட வேண்டும். முந்தினால் தோல் விறைத்துக்கொள்ளும், பிந்தினால் புளிப்பு மேலே ஏறி உட்காரும். அவளுக்கு அதெல்லாம் மூக்கு பார்த்துக்கொண்ட வேலை. இப்போது மூக்குக்குப் பதிலாகச் சுவர்க்கடிகாரம். கடிகாரத்துக்கு என்ன தெரியும், மணிதான் தெரியும். குத்துமதிப்பாக நாற்பது நிமிஷம் வைத்து, சர்க்கரையைக் கொட்டி, ஒரு கரண்டி எடுத்துப் புருஷனுக்கு நீட்டினாள்.

அவர் எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதென்று கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

"நல்லாருக்கு."

"எதுவும் தூக்கலா இல்லையா? புளிப்பு? கிராம்பு?"

"இருக்கு, இருக்கு. எல்லாமே நல்லாருக்கு."

"நேத்து ராத்திரி ரசத்த விட்டுட்டு வெந்நீர ஊத்திட்டேன்னு சொன்னா?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஒரு வகையில் தங்கமான மனுஷன். தங்கத்தை வைத்துக்கொண்டு உப்பு பார்க்க முடியாது.

அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். மேலே செருப்புச் சத்தம், நாத்தனார் எழுந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தச் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. குறை சொல்வதற்கென்றே ஒருத்தி தலைக்கு மேலே குடியிருக்கும்போது எதற்காகக் கடிகாரத்தைக் கெஞ்ச வேண்டும்? விஷயத்தைச் சொல்ல வேண்டாம். சும்மா ருசிக்குக் கொடுப்பது போல நீட்டினால் போதும். குறை தானே கொட்டும், பொறுக்கிக்கொண்டு வந்து சரிசெய்துவிடலாம். ஒரு சின்னத் தட்டில் சட்னியை எடுத்துக்கொண்டு, முழங்கால் முனக முனக மாடி ஏறினாள்.

அம்புக்காரி பால்கனியில் துணி உதறிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் நுனியில் எடுத்து நக்கினாள். நெற்றி சுருங்கியது. கேன்டீன்காரிக்குப் பாதி உயிர் வந்தது.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க."

"சொல்லும்மா, சொல்லு."

"இஞ்சி பச்சையா நிக்குது. கிராம்பு கடைக்காரன் உறவுக்காரனா? அள்ளிப் போட்டிருக்கீங்க. சர்க்கரை ஒரு பக்கம் போகுது, புளிப்பு ஒரு பக்கம் போகுது, ரெண்டும் ஒரே வீட்ல பேசாம இருக்கற புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"இஞ்சி, கிராம்பு..." கேன்டீன்காரி விரல் மடக்கினாள். "உப்பு?"

"உப்பா? போட்டீங்களா என்ன?"

"ரொம்ப நன்றிம்மா," என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. நன்றி சொல்லியிருக்கக் கூடாது. அம்புக்காரி உதறிய துணி கையிலேயே தொங்க அப்படியே நின்றாள். உறவு முறையில் எத்தனையோ பார்த்திருக்கிறாள், இந்த வார்த்தையைப் பார்த்ததில்லை. "கிராம்பு அதிகம்" என்றால், "உன் நாக்குல ஆணி அடிச்சிருக்கு, அதான் குத்துது" என்று சொல்ல வேண்டிய அண்ணி விரல் மடக்கிக்கொண்டு போகிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ வீட்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. சட்னி மட்டும் அல்ல. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பொறுமை அவளுக்குப் பரம்பரையில் கிடையாது. கீழே இறங்கினாள்.

பாதிப் படியிலேயே மூக்கில் ஏறியது. கருகல்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கேன்டீன்காரி அடுப்புக்கு முன்னால், பாத்திரத்துக்கு நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கரண்டி கையில் இருந்தது, கிண்டவில்லை. அசதியில் கண் செருகிவிட்டது போலிருக்கிறது. நின்றபடியே ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சர்க்கரை விழுந்த சட்னி அதற்குமேல் காத்திருக்குமா? அடியில் பிடித்து, ஓரத்தில் கறுப்பாய்க் கொப்பளித்து, வீடு முழுக்கப் புகை வாடை. அந்த வாடைக்குச் செத்தவன் எழுந்து ஜன்னலைத் திறப்பான்.

"அண்ணி! கருகுது!"

கேன்டீன்காரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "எங்க?" என்றாள்.

அந்த "எங்க" போதும். சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் கையில் எடுக்கும் முன்னே கண்டுபிடிக்கிறவள் அல்லவா? அம்புக்காரி போய் அடுப்பை அணைத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். வினிகர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, வாயில் வராத கேள்வியோடு அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"கண்ணு எரியுது," என்றாள் கேன்டீன்காரி. "வேற ஒண்ணும் தெரியல."

"எத்தன நாளா?"

"ஏழு வாரம்."

"அண்ணனுக்கு?"

"சொன்னா அதுக்கும் நல்லாருக்கும்பாரு."

 பிறகு கேன்டீன்காரி உப்புச் சூப்பு, திரிந்த பால், திங்கட்கிழமை, டோக்கன் கிழிக்கும் பெரியவர் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. அடியைச் சுரண்டாமல் மேலாக இருந்த சட்னியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு கரண்டி எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"மேலாப்புல எடுத்தது. கருகல் ஏறியிருக்கா பாரு. இதுதான் நாளைக்குப் போகணும்."

அம்புக்காரி வாங்கினாள். வாயில் வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லா இருக்கு அண்ணி."

கேன்டீன்காரி பயந்துவிட்டாள். ஆயுள் முழுக்கச் சிடுசிடுத்த டாக்டர் ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்குமோ சாப்பிடுங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"என்னது?"

"நல்லா இருக்குன்னேன். கருகல் எல்லாம் ஒண்ணும் இல்ல. பாட்டில்ல ஊத்திடுங்க. நீங்க உக்காருங்க, நான் ஊத்தறேன்."

உக்காருங்க! இதுவும் புதுசு. இரக்கம் வந்துவிட்டது, இனி இவள் நாக்கு எதற்கும் உதவாது. வீட்டில் ஒரு நல்லாருக்கு இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிட்டது. கேன்டீன்காரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, சண்டைதான் வழி. அதற்கும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்," என்றாள். "கண்ணுக்குத் தெரியற தப்புன்னா நீ புலி. நாக்குன்னு வந்தா உனக்கும் உங்க அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்? அப்படியே அவரு அச்சு. வச்சத முழுங்கிட்டு வாயத் தொடைக்கற வம்சம்."

"யார் நானா? அண்ணன் மாதிரியா?"

"இல்லையா பின்ன? உன்னைச் செக்கிங்ல போட்டதே மெஷின்ல நேரா நாலு இஞ்ச் தைக்கத் தெரியலன்னுதானே. தைக்கத் தெரியாதவ தையலப் பாக்கறா, ருசி தெரியாதவ சட்னியப் பாக்கறா. பொருத்தம்தான்."

அம்புக்காரியின் கழுத்து நரம்பு எழும்பியது. கரண்டியைப் பாத்திரத்தில் விட்டு, ஒரு முழு வாய் எடுத்தாள்.

"எனக்கா நாக்கு இல்ல? கேட்டுக்கங்க! இது சட்னியா? அடுப்புக்கரியக் கரைச்சுச் சர்க்கரை போட்டிருக்கீங்க. மேல இருக்கறத மட்டும் வழிச்சா புகை போயிடுமா? முதல்ல இனிக்குது, முழுங்கினப்புறம் தொண்டையில சாம்பல் ஒட்டுது. தோல் ரப்பர் மாதிரி இழுக்குது, சர்க்கரைய முந்திக் கொட்டியிருக்கீங்க. கிராம்பு இப்பவும் அடிக்குது. இத எடுத்துட்டுப் போனா நாளன்னிக்கே நீங்க டோக்கன்..."

நிறுத்திக்கொண்டாள். கேன்டீன்காரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை முந்திடுச்சா? எவ்வளவு முந்திச்சு? கால் மணி?"

"அண்ணி... வேணும்னே வம்புக்கு இழுத்தீங்களா?"

"பின்ன என்ன பண்றது? நீயும் பாவம் பாத்தா நான் யார்கிட்டம்மா போவேன்?"

அம்புக்காரி கரண்டியை வைத்தாள்.  பிறகு கூடையை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு கிலோ இருக்கு," என்றாள். "அதுல நாலு பழம் அழுகல். அதக்கூடப் பாக்காம வாங்கியிருக்கீங்க."

பகல் பதினொன்றரைக்கு இரண்டாவது பாத்திரம் ஏறியது. அம்புக்காரி ஸ்டூலை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணி நறுக்கிய இஞ்சியைப் பார்த்து, "இது இஞ்சியா விறகா?" என்றாள். அண்ணி மறுபடி நறுக்கினாள். கிராம்பு பத்து விழ இருந்த இடத்தில் நாலு விழுந்தது. நெருப்பை இறக்கு, ஏற்று, இல்லை இறக்கு. மாடிப்படியில் போனவர்கள் வழக்கமான கச்சேரி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். ஏழு வாரமாக இந்தச் சத்தம் இல்லாமல் அவர்களுக்கும் ஏதோ போலத்தான் இருந்தது.

"பழத்தோல் வாசனை வந்தா சொல்லு. வினிகருக்கு அடியிலேருந்து வரும்."

"வினிகர்தான் வருது."

"இப்ப?"

"வினிகர்."

"இப்ப?"

"நொய் நொய்னு கேக்காதீங்க அண்ணி. வந்தா சொல்ல மாட்டேனா? என் மூக்கு என்ன உங்க... " என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, உடனே பாவம் பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டு, "உங்க மூக்கு மாதிரியா?" என்று முடித்தாள்.

"அப்படிச் சொல்லு," என்றாள் கேன்டீன்காரி.

ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில் வாசனை வந்தது. சர்க்கரை விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கரண்டி நிற்கவே கூடாது. கேன்டீன்காரி வலது கையால் கிண்டினாள், அது மரத்ததும் இடது கையால் கிண்டினாள். அம்புக்காரி எழுந்து பிடுங்கிக்கொள்ள வந்தபோது கொடுக்கவில்லை. "நீ ருசி மட்டும் பாரு. கை என்னோடதா இருக்கட்டும்." கரண்டி இழுத்த இடத்தில் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிந்து மூடியது. அதுதான் பதம், அதற்கு மூக்கு வேண்டாம், கண் போதும். அடுப்பை அணைத்தார்கள். இரண்டு பேருக்கும் முகம் வெந்த பழம் போலிருந்தது.

வெந்நீரில் கழுவிக் காய வைத்த பாட்டிலில் நிரப்பினாள். மூன்று பாட்டில் வந்தது. பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்து நீட்டினாள்.

அம்புக்காரி சாப்பிட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு தரம் வழித்துச் சாப்பிட்டாள். கேன்டீன்காரி பென்சிலோடு காத்திருந்தாள்.

"என்ன குறை?"

"இருங்க."

"உப்பா?"

"இருங்கன்னேன்ல." அவள் நாக்கால் பல்லைத் துழாவினாள். பாத்திரத்தைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், தூக்கி வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தப் பாட்டிலோட மூடி கோணலா இருக்கு," என்றாள் கடைசியில்.

குறை சட்னியை விட்டு மூடிக்குப் போய்விட்டது. கேன்டீன்காரி பென்சிலைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை மேனேஜர் ரொட்டியில் தடவி ஒரு கடி கடித்தார். இன்னொரு கடி. மூன்றாவது கடியில் அவர் முகத்திலிருந்து 'பேசுவோம்' இறங்கிப் போய்விட்டது.

"அதே கைம்மா. ஒண்ணும் மாறல. அப்ப அந்தச் சூப்பு, பாலு, அதெல்லாம் என்ன? உடம்புக்கு முடியலையா?"

ஆமாம் சார், அசதி சார் என்று சொல்லியிருந்தால் போதும். பொய்யும் இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு நாற்பது லிட்டர் சூப்பு காத்திருந்தது. நாளைக்கும் காத்திருக்கும். நாத்தனாரை இடுப்பில் கட்டிக்கொண்டா வர முடியும்? ஏழு வாரம் சுமந்தது போதும் என்று கைகளே சொன்னது போல் இருந்தது.

"மூக்கு போயிடுச்சு சார். ருசி தெரியல. வருமான்னும் தெரியல."

மேனேஜர் ரொட்டியைப் பார்த்தார். "அப்ப இது?"

"கை என்னோடது. நாக்கு எங்க நாத்தனாரோடது."

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மென்றார். மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "அடுப்புல நீங்களே நில்லுங்க. ஆனா ஒரு பாத்திரம்கூட இன்னொருத்தர் ருசி பாக்காம வெளிய போகக் கூடாது. ரெண்டு மாசம் பாப்போம். யார வச்சுக்கறீங்க?"

உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் அவளை அக்கா என்பவர்கள், அவள் சளி பிடித்துத் தும்மினால்கூடப் பதறுகிறவர்கள். ஐந்தாவது, காய் நறுக்கும் அம்மாள். தலைமைச் சமையல் தனக்கு வர வேண்டியது என்று மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"அந்தக் காய் நறுக்கற அம்மாவ," என்றாள்.

சூப்பு கொதித்ததும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டி, விஷயத்தை நாலே வார்த்தையில் சொன்னாள். காய் நறுக்கும் அம்மாள் கத்தியை வைத்தாள், கையைத் துடைத்தாள், கரண்டியை வாங்கி ஊதி ஊதி நிதானமாகக் குடித்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"குறை சொல்லணுமா?" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. "சூப்புல மட்டுமா, இல்ல மொத்தமாவா?"

கேன்டீன்காரி காலிக் காய்கறிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் அப்படி வலித்தது.

"சூப்புல ஆரம்பிங்க," என்றாள்.